ஒரு புதுப் பாட்டு பிழைக்க எத்தனை பேர் வேண்டும்?



சென்ற கூட்டத்தில் ஆண்டு விழாச் செலவு பற்றிப் பேச்சு வந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். மெல்லிசைக் குழுவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, நம் பிள்ளைகள் பாடுவதற்கென்றே ஒரு புதுப் பாட்டை நல்ல கர்நாடக ராகத்தில் செய்து வாங்கலாமே என்றேன். ஒரு நண்பர் உடனே, "சார், இருக்கிற பாட்டுக்கே கேட்க ஆளில்லை. இதிலே காசு கொடுத்துப் புதுப் பாட்டு வேறயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். புதுப் பாட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள், கொடுத்த பணம் வீண் போனதா, பலன் தந்ததா என்று பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். சங்கீதம் முறையாகக் கற்றவன் இல்லை, கேட்பவன் மட்டுமே. ஆகவே இதை ஒரு குமாஸ்தா எழுதிய வரவு செலவுக் கணக்காகவே படியுங்கள்.

சொல் தங்கியது, மெட்டு போனது

கணக்கை நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த ஊர்ப் பெண் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் ஒரு சொல் குறையாமல் நம்மிடம் இருக்கின்றன. மார்கழி விடியற்காலையில் நம் பி பிளாக் மாமிகள் பாடுவதைக் கேட்டுத்தானே நம்மில் பலர் கண் விழிக்கிறோம்?

ஆண்டாள் அதை எந்த மெட்டில் பாடினாள்? அது நம் கைக்கு வந்து சேரவில்லை.

ஆழ்வார்களின் பாடல்கள் ஒரு காலத்தில் வழக்கொழிந்து போயிருந்தன என்றும், காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள் அவற்றைத் தேடித் தொகுத்தார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. தொகுத்ததோடு அவர் நிற்கவில்லை. தம் மருமக்கள் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு அந்தப் பாடல்களுக்கு இசை அமைத்து, அவர்களைக் கொண்டே பாடச் செய்தார். அந்த வழியில் வந்தவர்களே அரையர்கள் என்பார்கள். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்து மேல்கோட்டை ஆகிய ஊர்களைப் போல ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரையர் சேவை உண்டு. தலையில் உயர்ந்த குல்லாய், கையில் தாளம், பாட்டு, அபிநயம் என்று அவர்கள் நிற்பதை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

நாதமுனிகளின் கணக்கில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. பாட்டைச் சேகரித்தது ஒன்று, இசை அமைத்தது இரண்டு, பாட ஆள் தயார் செய்தது மூன்று. மூன்றாவதை அவர் விட்டிருந்தால் முதல் இரண்டும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே விஷயத்தை ராஜராஜ சோழன் இன்னும் கறாராகச் செய்திருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், தேவாரம் பாட 48 பேரும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரும் ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்று எழுதி வைத்தான். அதில் என்னைக் கவர்ந்த ஷரத்து வேறொன்று. அவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உறவுமுறையில் உள்ளவர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், பாடத் தெரிந்த வேறொருவரை அமர்த்த வேண்டும். நாம் டெபாசிட்டுக்கு நாமினி எழுதுகிற மாதிரி அவன் பாட்டுக்கு நாமினி எழுதியிருக்கிறான். அவன் செலவு செய்தது புதுப் பாட்டுக்காக இல்லை. இருந்த பாட்டைத் தினமும் பாட வைப்பதற்காக. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாடகர்களே கேட்டு வாங்கிய பாட்டு

அடுத்து சீர்காழிக்குப் போகலாம். 1711-ல் தில்லையாடியில் பிறந்து, பின்னாளில் சீர்காழியில் குடியேறியவர் அருணாசலக் கவிராயர். தருமபுரம் ஆதீனத்தில் படித்தவர். பிழைப்புக்குக் காசுக்கடை வைத்திருந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. நம் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மீது தனிப் பிரியம்.

சீர்காழிக்குப் பக்கத்தில் சட்டநாதபுரம். அங்கே கோதண்டராமையர், வெங்கடராமையர் என்று இரண்டு சங்கீத வித்வான்கள் இருந்தார்கள். கவிராயரிடம் கம்பராமாயணம் பாடம் கேட்டு வந்தவர்கள். படிக்கப் படிக்க, இந்தக் கதையை எல்லோரும் பாடும்படி கீர்த்தனைகளாகச் செய்து தர வேண்டும் என்று அவர்களே ஆசானைக் கேட்டுக்கொண்டார்களாம். கவிராயர் எழுத, அவர்கள் இருவரும் மெட்டமைத்துப் பாட, உருவானதுதான் இராம நாடகக் கீர்த்தனை.

கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய அதே ஸ்ரீரங்கத்தில் கவிராயரும் தம் நூலை அரங்கேற்றினார். பிறகு சென்னைப் பட்டணத்தில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற பெரிய தனவந்தர் அதைக் கேட்டு அவருக்குச் சன்மானம் செய்தார்.

வரிசையைக் கவனியுங்கள். வழக்கமாக நாம் நினைப்பது, முதலில் பணக்காரர் வருவார், அவர் புலவருக்குப் பொன் கொடுப்பார், பிறகு பாட்டு வரும் என்று. இங்கே பாடுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, தங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பணம் கடைசியில்தான் வந்தது. கேட்டவர்களே பாடியும் காட்டியதால் பாட்டு ஊர் ஊராகப் போயிற்று. கதாகாலட்சேபக்காரர்களும் கச்சேரி வித்வான்களும் எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் பல பாடல்களின் பழைய மெட்டு மாறிப்போய், சென்ற நூற்றாண்டில் வித்வான்கள் புதிதாக மெட்டுப் போட்டார்கள். அப்படியும் பாட்டு உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒரு தலைமுறை விட்ட இடத்தில் அடுத்த தலைமுறைப் பாடகர் அதைக் கையில் எடுத்ததுதான்.

பத்தாயிரம் ரூபாய் வாங்கித் தந்தது என்ன?

இப்போது பணம் முதலில் வந்த ஒரு கணக்கைப் பார்ப்போம்.

1940-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், தாம் நிறுவிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். தமிழில் புதிய இசைப் பாடல்கள் எழுதுவோருக்குப் பரிசளிக்க வேண்டும் என்பது நோக்கம். அன்றைக்குப் பத்தாயிரம் என்றால் லேசான தொகை இல்லை. 1941 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் அங்கிருந்து பரவியது.

உடனே எதிர்வாதமும் கிளம்பியது. சங்கீதத்துக்கு மொழி முக்கியமா, தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளை ஒதுக்குவதா என்று சென்னையில் பெரிய சர்ச்சை. கல்கி, ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி. ஆகியோர் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1952-ல் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. பாடல்களை ஸ்வரக் குறிப்போடு பல தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டது.

பணம் இருந்தது, பரிசு இருந்தது, புத்தகம் இருந்தது, மேடையும் இருந்தது. இருந்தும் அந்தத் தொகுதிகளில் உள்ள எல்லாப் பாட்டும் கச்சேரிக்கு வந்துவிடவில்லை. வித்வான்கள் விரும்பி எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடியவை நின்றன. மற்றவை புத்தகத்தில் இருக்கின்றன.

நின்றவற்றுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எம்.எம். தண்டபாணி தேசிகர் நல்ல பாடகர், அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறையில் பணியாற்றியவர். பாரதிதாசன் கவிதை ஒன்றுக்கு அவர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். மனத்துயர் நேரும்போது யாழ் எடுத்து இன்பம் சேர்க்க மாட்டாயா என்று கேட்கும் கவிதை; சொன்னதுமே உங்களுக்குப் பாட்டு ஞாபகம் வந்திருக்கும். அவர் பாடினார், பிறரும் பாடினார்கள், 1951-ல் வந்த ‘ஓர் இரவு’ படத்திலும் அந்தப் பாட்டு இடம்பெற்றது. இன்றும் கச்சேரியின் பின்பகுதியில் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஆகவே செட்டியாரின் பத்தாயிரம் வீணா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழில் புதுப் பாட்டு செய்வது கௌரவமான வேலை என்ற எண்ணத்தை அது ஏற்படுத்தியது. ஆனால் ஒரு பாட்டு பிறப்பதற்கான செலவும், அது வளர்வதற்கான செலவும் வேறு வேறு என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆண்டாளின் மெட்டு நமக்கு வந்து சேரவில்லை என்றேன் அல்லவா? அந்த இடத்தை நிரப்பியவர் காரைக்குடிப் பக்கத்துக்காரர், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்தவர். இன்றைய கச்சேரிகள் நடக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தார்.

முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் வைத்த ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்களில், இதே வரிசையில்தான் அமைந்தவை. கச்சேரி ரசிகருக்குப் பழகிய வாசல் வழியாக ஆண்டாளை அழைத்து வந்திருக்கிறார் பாருங்கள். ஆறாவது பாசுரம் சங்கராபரணம், 29-ஆவது மத்தியமாவதி, 30-ஆவது சுருட்டி என்று போகிறது.

அவரும் பாடினார். ஆனால் அந்த மெட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் பெரும் பங்கு எம்.எல். வசந்தகுமாரிக்கு உண்டு. அவர் பாடிய இசைத்தட்டுகள் வானொலியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் மார்கழி தவறாமல் ஒலித்தன. இன்று நம் மாமிகள் முதல் பாசுரத்தை நாட்டையில் எடுக்கிறார்கள் என்றால், ஆயிரம் ஆண்டுப் பழைய மெட்டு அது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது நம் பெற்றோர் காலத்துப் புது மெட்டு. முதன்முதலில் கேட்டவர்களில் யாராவது, இருக்கிற பாட்டு போதாதா என்று கேட்டிருக்கவும் கூடும்!

65 வாத்தியக் குழுக்கள் போட்ட சீட்டு

வெளிநாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே பெரிய இசைக்குழுக்கள் ஓர் இசையமைப்பாளருக்குப் பணம் கொடுத்துப் புதுப் படைப்பு வாங்குவது வழக்கம். முதல் நாள் கைதட்டல் பலமாக இருக்கும். அதற்குப் பிறகு அதை வாசிப்பார் குறைவு. சின்ன ஊர்க் குழுக்களுக்கோ, பிரபலமானவரிடம் கேட்கும் அளவுக்குப் பணமே இருக்காது.

அமெரிக்காவில் சின்னக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டன. 50 மாநிலங்களிலிருந்தும் 65 சிறிய வாத்தியக் குழுக்கள் கூட்டாகப் பங்கு போட்டு, ஜோன் டவர் என்ற பெண் இசையமைப்பாளரிடம் ஒரு படைப்பைக் கேட்டன. ஒரு பெரிய கார் நிறுவனத்தின் அறக்கட்டளையும் கைகொடுத்தது. ‘மேட் இன் அமெரிக்கா’ என்பது அதன் பெயர். சுமார் கால்மணி நேரப் படைப்பு. 2005 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் குழு அதை முதலில் வாசித்தது. பிறகு மற்றக் குழுக்கள் தத்தம் ஊரில் ஒவ்வொன்றாக வாசித்தன. பின்னர் வெளிவந்த அதன் இசைத்தட்டுக்கு 2008-ல் கிராமி விருதும் கிடைத்தது.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? பங்கு போட்டவர்கள் எல்லோரும் வாசிக்கப் போகிறவர்கள். ஆகவே 65 இடங்களில் அது கேட்கப்படும் என்பது, முதல் ஸ்வரம் எழுதுவதற்கு முன்பே உறுதியாகிவிட்டது. சட்டநாதபுரத்து இருவர் செய்ததையே இவர்கள் 65 பேராகச் செய்திருக்கிறார்கள்.

நாயனக்காரரின் நோட்டு

இப்போது இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் இருந்த காலம். கல்யாண மேளம் வாசிக்கும் நாயனக்காரர் ஒருவர் வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் வருவார். ஆடியில் முகூர்த்தம் இல்லையே, வருமானம் நின்றுவிடும். மனைவியின் செயினை வைத்துக் கடன் வாங்குவார். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் வந்து திருப்பிவிடுவார். ஒரு தவணை தவறியதில்லை.

நான் பாட்டுக் கேட்பவன் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் கூட்டமில்லாத மத்தியானத்தில் மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். அவரே செய்த உருப்படிகள். மேலே ஸ்வரம், கீழே சாகித்தியம், கோடு போட்டு முத்து முத்தாக எழுதியிருந்தார். எங்கே வாசித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு கல்யாணத்தில் ஒன்றை ஆரம்பித்தாராம். பாதியிலேயே சம்பந்தி வீட்டார் ஆள் அனுப்பி, சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்களாம். "அவங்க காசு, அவங்க கேக்குறதுதானே சார் நியாயம்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்கிறேன் என்று சொன்னேன். போகவில்லை. ஆடிட், குளோசிங், பிள்ளைகள் பரீட்சை என்று ஏதோ ஒரு காரணம் இருந்துகொண்டே இருந்தது. பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்தபின் ஒருநாள் விசாரித்துக்கொண்டு போனேன். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் சிவகாசியில் அச்சகத்தில் வேலை. மரியாதையாக உட்கார வைத்து, பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். "எங்களுக்கு இதை வாசிக்கத் தெரியாதுங்க சார். அப்பாவோட கையெழுத்து, அதான் வச்சிருக்கோம்" என்றார்.

எனக்கு அந்த ஸ்வரங்களைப் படிக்கத் தெரியாது. அவர் இருந்தபோது ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருந்தால் ஒன்றையாவது கேட்டிருக்கலாம். வங்கியில் பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கை உரிமை கோராத கணக்கு என்று தனியாக எடுத்து வைப்போம். பணமாவது யாராவது வந்து கேட்டால் வட்டியோடு கிடைக்கும். அந்த நோட்டைக் கேட்டு வரவேண்டிய ஆட்களில் நானும் ஒருவன், வரவில்லை.

நம் கணக்கு

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. இருக்கிற பாட்டுக்குக் கேட்க ஆளில்லை என்பது உண்மை. கேட்க ஆள் வேண்டுமானால் பாட ஆள் வேண்டும். தமக்காகவே செய்யப்பட்ட பாட்டு என்றால் பிள்ளைகள் பாடுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

வீட்டுக்கு நூறு ரூபாய் போதும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் கொடுத்தால் போதும், பராமரிப்புத் தொகையில் கை வைக்க வேண்டாம். நம் பகுதியிலேயே பாட்டு சொல்லிக் கொடுப்பவர்களும், நாகஸ்வரம் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். எளிய தமிழில், மோகனமோ கல்யாணியோ, பிள்ளைகள் வாய்க்கு வருகிற மாதிரி ஒரு பாட்டு கேட்போம். மேற்குமலையையோ, நம் ஊர்க் கண்மாயையோ, ஆண்டாளின் நந்தவனத்தையோ பற்றி இருக்கலாம். எதைப் பற்றி என்று பாடப்போகிற பிள்ளைகளே சொல்லட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. சேர்கிற பணத்தில் பாதிதான் பாட்டு செய்ய. மறுபாதி, அதே ஆசிரியர் மாதம் இரண்டு ஞாயிறு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க. ஆண்டு விழாவில் ஒருமுறை பாடிப் போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதாக இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். பொங்கலுக்கும், சுதந்திர தினத்துக்கும், அடுத்த வருஷமும் அதே பாட்டைப் பாட வேண்டும். பெரிய பிள்ளை காலேஜுக்குப் போகும்போது சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ராஜராஜன் எழுதிய நாமினி ஷரத்தை நாமும் எழுதிவிடுவோம்.

நம் ஊருக்கு இது அந்நியமான யோசனை இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த நம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கலைக்கென்று கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். அவர் வீடு கொடுத்தார், நாம் நூறு ரூபாயும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமும் கொடுத்தால் போதும்.

அடுத்த கூட்டத்தில் இதை மறுபடியும் வைக்கப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இந்த முறை கையில் ஒரு ரசீதுப் புத்தகத்தோடு வருவேன். முதல் ரசீது என் பெயருக்கு. இரண்டாவது யாருக்கு என்று நீங்கள் சொல்லுங்கள்.

நாயனக்காரரின் மகனிடமும் பேசியிருக்கிறேன். நம் பாட்டு ஆசிரியர் அமர்ந்ததும், அந்த நோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பாட்டையாவது பாடிக் கேட்க வேண்டும்.